சபிக்க வந்தவர் ஆசீர்வதித்த கதை

1899-ஆம் ஆண்டு பிறந்தபோது டால்ஸ்டாய்க்கு எழுபது வயது. 'புத்துயிர்ப்பு' நாவலின் வேலை கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். அதற்கிடையிலும் ஒரு சிறுகதையை எடுத்து, வீட்டில் இருந்தவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ஒரு தடவை படித்து ஆசை தீரவில்லை. தொடர்ந்து நான்கு மாலை அதையே படித்தார். அந்த ஜனவரியில் 'குடும்பம்' என்ற பெயர் கொண்ட ஒரு ரஷ்யப் பத்திரிகையில் வந்திருந்த கதை அது. எழுதியவர் செகாவ். தலைப்பு 'துஷேச்கா'.

அப்பா நான்கு மாலை இதைப் படித்தார், இந்தக் கதையால் தனக்குப் புத்தி கூடியிருப்பதாகச் சொல்கிறார் என்று டால்ஸ்டாயின் மூத்த மகள் தத்யானா மார்ச் மாதம் செகாவுக்கு எழுதினார். கிரிமியாவின் கடற்கரை ஊரான யால்ட்டாவில் காசநோயோடு குடியிருந்த செகாவுக்குச் செய்தி அதற்கு முன்பே எட்டிவிட்டது. ஜனவரிக் கடைசியில் தன் நண்பரும் பதிப்பாளருமான சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில், சமீபத்தில் ஒரு சிறிய நகைச்சுவைக் கதை எழுதினேன், அதை டால்ஸ்டாய் உரக்கப் படிக்கிறாராம், அற்புதமாகப் படிக்கிறாராம் என்று சொல்கிறார்.

நகைச்சுவைக் கதை என்கிறார் எழுதியவர். புத்தி கூடியது என்கிறார் படித்தவர். இரண்டும் ஒரே கதையைப் பற்றித்தான். ஆறு ஆண்டுகள் கழித்து டால்ஸ்டாய் இதற்கு ஒரு பின்னுரையே எழுதினார். செகாவ் எழுத நினைத்தது ஒன்று, அவர் கை எழுதியது வேறொன்று என்பது அதன் வாதம். ஒரு பெரும் நாவலாசிரியர் தன்னைவிட முப்பது வயது இளையவரின் கதைமேல் கொண்ட அன்பும், அந்தக் கதை இன்னதைத்தான் சொல்கிறது என்ற பிடிவாதமும் அந்தச் சில பக்கங்களில் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. அதில் ஒரு பாதி மிகச் சரி, இன்னொரு பாதி சரியில்லை என்று நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பாராட்டு எதனால் ஆனது என்று புரிகிறது.

முதலில் கதை. ஒலென்கா ஓய்வுபெற்ற ஒரு சிறு அதிகாரியின் மகள். யாரையாவது நேசிக்காமல் அவளால் ஒரு வருடம்கூட இருக்க முடியாது. சின்ன வயதில் அப்பாவை நேசித்தாள், எப்போதாவது ஊரிலிருந்து வரும் அத்தையை நேசித்தாள், பள்ளியில் பிரெஞ்சு வாத்தியாரை நேசித்தாள். சாது, இரக்கக்காரி. அவளோடு பேசிக்கொண்டிருக்கும் பெண்கள் பேச்சின் நடுவே சட்டென்று அவள் கையைப் பிடித்து 'துஷேச்கா!' என்று கொஞ்சாமல் இருக்க முடியாது.

அவள் வீட்டின் ஒரு பகுதியில் குடியிருக்கிறார் குக்கின். 'திவோலி' என்ற கேளிக்கைப் பூங்காவை நடத்துகிறவர், ஒல்லியான ஆள், எப்போதும் மழையைத் திட்டிக்கொண்டிருப்பவர். அவருடைய துன்பங்களைக் கேட்டுக் கேட்டு அவள் அவரை நேசிக்கத் தொடங்குகிறாள், கல்யாணமும் ஆகிறது. உலகத்திலேயே முக்கியமானது நாடகம், அது இல்லாமல் மனிதன் மனிதனாக முடியாது என்று ஊரெல்லாம் சொல்கிறாள். குக்கின் மாஸ்கோ போன இடத்தில் இறந்துபோகிறார். மூன்று மாதம் கழித்துக் கோயிலிலிருந்து திரும்பும் வழியில் மரக்கிடங்கு நிர்வாகி புஸ்தவாலவ் உடன் நடந்து வருகிறார். சீக்கிரமே அவரோடு கல்யாணம். இப்போது பேச்செல்லாம் மரத்தின் விலையும் ஏற்றுமதிச் செலவும். நாடகத்துக்குப் போவதில்லையா என்று கேட்டால், உழைக்கிற எங்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம், நாடகத்தில் என்ன இருக்கிறது என்கிறாள். இரவில் கனவில் உத்தரங்கள் படைபோல எழுந்து நின்று கிடங்கை நோக்கி நடக்கின்றன. செகாவின் குறும்பு உச்சத்தில் இருக்கும் இடம் இது. ஆறு வருடம் நிறைவாக வாழ்ந்தபின் புஸ்தவாலவும் சளி பிடித்து இறக்கிறார்.

அடுத்து குடிவந்திருந்த படைப்பிரிவுக் கால்நடை மருத்துவர் ஸ்மீர்னின். மனைவியைப் பிரிந்தவர், ஒரு மகன் உண்டு. விருந்தாளிகள் முன்னால் அவள் மாட்டுத் தொற்றுநோயைப் பற்றிப் பேசத் தொடங்குகிறாள். அவருக்கு மானம் போகிறது. உனக்குப் புரியாத விஷயத்தில் தலையிடாதே என்று பிறகு சீறுகிறார். அவள் திகைத்துக் கேட்கிறாள்: அப்படியானால் நான் எதைப் பற்றிப் பேசுவது? படிக்கும்போது சிரிப்பு வருகிறது, வந்த வேகத்தில் தொண்டையில் நின்றும் விடுகிறது.

அவரும் படைப்பிரிவோடு வேறு ஊர் போய்விடுகிறார். அதன்பின் ஒலென்காவுக்கு எதைப் பற்றியும் கருத்து இல்லை. ஒரு புட்டி நிற்பதைப் பார்க்கிறாள், மழை பெய்வதைப் பார்க்கிறாள், குடியானவன் வண்டியில் போவதைப் பார்க்கிறாள். புட்டி எதற்கு, மழை எதற்கு, குடியானவன் எதற்கு? ஆயிரம் ரூபிள் கொடுத்தாலும் அவளால் சொல்ல முடியாது. தனிமையை இதைவிடச் சிக்கனமாக எழுதியவர்கள் எனக்குத் தெரிந்து குறைவு. கண்ணீர் விடுகிற பெண்ணை யாரும் எழுதிவிடலாம். கண்முன் இருக்கும் புட்டிக்கு அர்த்தம் இல்லாமல் போன பெண்ணை எழுத செகாவ் வேண்டும்.

பல ஆண்டு கழித்து, தலை நரைத்துத் திரும்பி வருகிறார் ஸ்மீர்னின், மனைவியோடும் மகனோடும். சிறுவன் சாஷா அவள் வீட்டில் ஒட்டிக்கொள்கிறான். தாய் கார்க்கிவ் நகரத்திலுள்ள தன் சகோதரி வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை, தந்தை வெளியே சுற்றுகிறார், பையனைக் கவனிக்க யாருமில்லை. அவன் பாடம் படிக்கிறான்: தீவு என்பது நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி. 'தீவு என்பது நிலப்பகுதி' என்று அவள் திருப்பிச் சொல்கிறாள். எத்தனையோ வருட மௌனத்துக்கும் வெறுமைக்கும் பிறகு அவள் நம்பிக்கையோடு வெளியிட்ட முதல் கருத்து அது என்று எழுதுகிறார் செகாவ். கன்னத்தில் குழி விழும் இந்தப் பிள்ளைக்காக, தனக்கு உறவே இல்லாத இந்தப் பையனுக்காக, அவள் உயிரையே கொடுப்பாள், ஆனந்தமாகக் கொடுப்பாள்.

இங்கே தலைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'துஷா' என்றால் ரஷ்ய மொழியில் ஆன்மா, உயிர். 'துஷேச்கா' அதன் செல்ல வடிவம். ஆங்கிலத்தில் அது 'டார்லிங்' ஆனபோது உள்ளே இருந்த உயிர் போய்விட்டது. தமிழுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 'என் உயிரே' என்று கொஞ்சுவது நமக்குப் புதிதல்ல. டால்ஸ்டாயின் பின்னுரையில் ஒரு வரி இந்தச் சொல்லின் வேரைப் பிடித்தே எழுந்திருக்கிறது. குக்கினின் பெயர் நகைப்புக்குரியது, அவருடைய நோயும் சாவைச் சொல்லும் தந்தியும்கூட நகைப்புக்குரியவை, மரவியாபாரியின் கம்பீரம் நகைப்புக்குரியது, மருத்துவரும் சிறுவனும் அப்படியே, ஆனால் துஷேச்காவின் 'துஷா' நகைப்புக்குரியதல்ல, அது புனிதமானது, வியக்கத்தக்கது என்கிறார். தெருவில் தேய்ந்துபோன கொஞ்சல் சொல்லிலிருந்து ஆன்மாவை மீட்டு எடுத்துவிடுகிறார்.

அந்தப் பின்னுரை 1905-இல் எழுதப்பட்டது. டால்ஸ்டாய் தன் கடைசிக் காலத்தில், நாள்தோறும் படிப்பதற்கென்று உலகச் சிந்தனைகளையும் கதைகளையும் சேர்த்து 'வாசிப்பின் வட்டம்' என்று ஒரு பெரிய தொகுப்பைச் செய்தார். அதில் துஷேச்காவைச் சேர்த்து, முடிவில் தன் வார்த்தைகளைப் போட்டார். செகாவ் அதைப் பார்க்கவில்லை. 1904 ஜூலையில், ஜெர்மனியின் பாடன்வைலர் ஊரில், நாற்பத்து நான்கு வயதில் அவர் இறந்துவிட்டிருந்தார். அதனால் இந்த உரையாடலில் ஒரு தரப்புக்குப் பதில் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை.

பின்னுரை செகாவிலிருந்து தொடங்கவில்லை. விவிலியத்தின் எண்ணாகமத்திலிருந்து தொடங்குகிறது. மோவாபின் ராஜா பாலாக், தன் எல்லைக்கு வந்துவிட்ட இஸ்ரவேலரைச் சபிக்கும்படி தீர்க்கதரிசி பிலேயாமை அழைக்கிறான். கைநிறைய வெகுமதி தருவதாக ஆசை காட்டுகிறான். பிலேயாம் கழுதைமேல் ஏறிப் புறப்படுகிறான். வழியில் தேவதூதன் வாளோடு நிற்பது கழுதைக்குத் தெரிகிறது, தீர்க்கதரிசிக்குத் தெரியவில்லை. மலை உச்சிக்குப் போய், பலிபீடங்கள் கட்டி, வாயைத் திறந்தால் வருவது ஆசீர்வாதம். இடத்தை மாற்றிப் பார்க்கிறான் பாலாக். அங்கேயும் ஆசீர்வாதம். மூன்றாம் தடவையும் அப்படியே. இதையெல்லாம் சாவகாசமாகச் சொல்லிவிட்டு டால்ஸ்டாய் செகாவுக்கு வருகிறார். இவரும் பிலேயாம்போலச் சபிக்கவே போனார், கவிதையின் தெய்வம் தடுத்து ஆசீர்வதிக்கச் சொன்னது, ஆசீர்வதித்துவிட்டார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அது வேதாகமத்தில் ஊறிய கிழவரின் அழகான உவமையாக மட்டும் இருந்திருக்கும். முடிவில் இன்னொரு உவமை வருகிறது. அது அவருடைய சொந்த அனுபவம். டால்ஸ்டாய் அறுபத்தேழாம் வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டார், மாஸ்கோவில் குதிரைப் படைகள் பயிற்சி செய்யும் மிகப் பெரிய கூடத்தில். கூடத்தின் மறுகோடியில் ஒரு பெண்ணும் கற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு இடைஞ்சல் ஆகிவிடக் கூடாதே என்று டால்ஸ்டாய் அவரையே பார்த்தார். பார்க்கப் பார்க்கச் சைக்கிள் அந்தப் பக்கமே போயிற்று. அந்தப் பெண் ஆபத்தை உணர்ந்து விலகப் பார்த்தும், போய் மோதித் தள்ளிவிட்டார். செகாவுக்கும் இதே நடந்தது, ஆனால் திசை மாறி நடந்தது என்கிறார். அவர் துஷேச்காவைத் தள்ளிவிட நினைத்து, ஒரு கவிஞனின் முழுக் கவனத்தையும் அவள்மேல் வைத்தார். அதனாலேயே அவளை உயர்த்திவிட்டார்.

எழுதுகிறவர்கள் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய வாக்கியம் என்று எனக்குத் தோன்றும். பாத்திரத்தை நேசிக்க வேண்டும், மன்னிக்க வேண்டும் என்றெல்லாம் அறிவுரை சொல்வார்கள். டால்ஸ்டாய் சொல்வது அதற்கும் அடியில் இருக்கும் ஒன்று. ஒரு மனிதரைப் போதுமான அளவு உற்றுப் பார்த்தாலே, வெறுக்க எடுத்த தீர்மானம் கையைவிட்டு நழுவும். கண் போகும் பக்கம் சைக்கிள் போகும்.

இது அவருக்கே நடந்திருக்கிறது. 'அன்னா கரேனினா'வின் ஆரம்ப வரைவுகளில் அந்தப் பெண் அழகில்லாதவள், தாழ்ந்த நெற்றியும் பருத்த உடலும் கொண்டவள், நடத்தையில் நயமற்றவள். நாவலின் முகப்பில் 'பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதில்செய்வேன்' என்ற விவிலிய வரியைப் பொறித்திருந்தார். எழுத எழுத, ரயில் நிலையத்தில் சால்வையும் சுருள்முடியுமாக இறங்கிவரும் அந்த அன்னாவாக அவள் மாறினாள். முகப்பு வரி அப்படியே நிற்கிறது, உள்ளே இருப்பவளை யாராலும் தண்டிக்க மனம் வரவில்லை. பின்னுரையில் அவர் இதைச் சொல்லவில்லை. ஆனால் பிலேயாமின் கதையை அவ்வளவு உறுதியோடு சொல்ல, அந்த மலைமேல் தானும் நின்றிருந்தவரால்தான் முடியும்.

சைக்கிள் சரி. அதைக் கொண்டு அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதில்தான் எனக்குப் பிணக்கு. கதையை எழுதும்போது செகாவின் மனத்தில், ஆணுக்குச் சமமாகப் படித்த, தனித்து நிற்கிற புதுயுகப் பெண் என்ற மங்கலான ஒரு கருத்து இருந்தது, அவளை அளவுகோலாக வைத்து ஒலென்காவைச் சிரிக்கப் புறப்பட்டார் என்று டால்ஸ்டாய் கருதுகிறார். அங்கிருந்து பின்னுரை பிரசங்கமாகிறது. பெண் மருத்துவர், தந்தி அலுவலர், வழக்கறிஞர், விஞ்ஞானி, எழுத்தாளர் இல்லாவிட்டாலும் உலகம் நடக்கும். தாயும் துணையும் தேற்றுபவளும் இல்லாவிட்டால் வாழ்க்கை பாழ். அவர்கள் இல்லையென்றால் கிறிஸ்துவுக்கு மகதலேனா மரியாள் இருந்திருக்க மாட்டாள், அசிசியின் பிரான்சிஸுக்குக் கிளாரா இருந்திருக்க மாட்டாள், 1825-இல் ஜாருக்கு எதிராக எழுந்து நாடு கடத்தப்பட்ட டிசம்பர் புரட்சியாளர்களின் பின்னால் சைபீரியாவுக்கு மனைவியர் போயிருக்க மாட்டார்கள். தான் நேசிப்பவனுக்குத் தன்னை முழுதாகக் கொடுத்துவிடுவதே பெண்ணின் உயர்ந்த வேலை என்கிறார்.

எழுதியவரின் வீட்டை நினைத்துப் பார்க்காமல் இதைப் படிக்க முடியவில்லை. பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்றவர் அவர் மனைவி சோஃபியா. 'போரும் அமைதியும்' நாவலின் கிறுக்கல் பிரதிகளைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தவர். கணவரின் நம்பிக்கைகள் மாறியபோது அதற்கேற்பத் தன் மனத்தைச் சாஷ்டாங்கமாக மாற்றிக்கொள்ள அவரால் முடியவில்லை. இந்தப் பின்னுரையின் காலத்தில் அந்தத் தாம்பத்தியம் இருவருக்கும் வேதனையாகிவிட்டிருந்தது. அந்த வீட்டில் உட்கார்ந்து, நாடகக்காரனோடு நாடகமும் மரக்காரனோடு மரமுமாக ஆகிவிடும் ஒரு பெண்ணின் கதையைக் கிழவர் கண்ணீரோடு படிக்கிறார். அவர் ஏங்கியது எதற்கு என்பது ஓரளவு தெரிகிறது.

இன்னொரு பின்னணியும் உண்டு. 1898-இல் வந்த 'கலை என்றால் என்ன?' நூலில், கலையின் வேலை ஓர் உணர்ச்சியைத் தொற்றவைப்பது, அந்த உணர்ச்சி நல்லதா கெட்டதா என்பதே அதன் தரம் என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தார். அந்தத் தராசில் செகாவின் எல்லாக் கதைகளும் நிற்கவில்லை. 'நாய்க்காரச் சீமாட்டி'யைப் படித்துவிட்டு 1900 ஜனவரி நாட்குறிப்பில், எல்லாம் நீட்ஷே (வழக்கமான நன்மை தீமையைக் கேள்வி கேட்ட ஜெர்மன் தத்துவவாதி), நன்மை தீமையைப் பிரித்தறியும் தெளிவான பார்வை இல்லாதவர்கள் என்று எழுதினார். அதே மாதம் 'வான்யா மாமா' நாடகத்தைப் பார்த்துக் கொதித்துப்போனார். 1903-இல், செகாவின் கதைகளில் தந்தைக்குப் பிடித்தவற்றை முதல் தரம் பதினைந்து, இரண்டாம் தரம் பதினைந்து என்று பிரித்து டால்ஸ்டாயின் மகன் ஒரு பட்டியல் அனுப்பினார். இறந்த மகனைப் பற்றிக் கேட்க ஆளில்லாமல் குதிரையிடம் சொல்லும் வண்டிக்காரன், தாத்தாவுக்குக் கடிதம் எழுதும் வான்கா, தூக்கத்துக்காக ஏங்கும் ஆயாச் சிறுமி, அவர்களோடு துஷேச்கா, எல்லாம் முதல் தரத்தில். நாய்க்காரச் சீமாட்டிக்கு எந்த வரிசையிலும் இடமில்லை. 'ஆறாவது வார்டு'க்கும் இல்லை. வாயில்லாத எளியவர்கள் அவருக்குப் பிடித்தார்கள். தப்புச் செய்துவிட்டுத் தெளிவில்லாமல் நிற்கிறவர்களை அவரால் பொறுக்க முடியவில்லை.

செகாவ் இதையெல்லாம் அறிந்தே டால்ஸ்டாயை நேசித்தார். டால்ஸ்டாயின் மரணத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது, அவர் இறந்தால் என் வாழ்க்கையில் பெரிய வெற்றிடம் விழும், அவரை நேசித்ததுபோல வேறெந்த மனிதரையும் நேசித்ததில்லை என்று 1900 ஜனவரியில் ஒரு நண்பருக்கு எழுதுகிறார். கிரிமியாவில் டால்ஸ்டாயைப் பார்க்கப் புறப்படும்போது எந்தக் கால்சட்டை போடுவது என்று வெகுநேரம் திண்டாடுவாராம். இது இறுக்கம், இதைப் பார்த்தால் அற்ப எழுத்தாளன் என்று நினைப்பார், அது கருங்கடல்போல அகலம், திமிர்பிடித்தவன் என்று நினைப்பார். இதை எழுத்தாளர் புனின் எழுதி வைத்திருக்கிறார். நோய்ப்படுக்கையிலிருந்த டால்ஸ்டாய் தன்னை அருகில் இழுத்துக் காதில், உங்கள் நாடகங்களை இன்னமும் என்னால் சகிக்க முடியவில்லை, ஷேக்ஸ்பியர் மோசமாக எழுதினார், நீங்கள் அதைவிட மோசம் என்று சொன்னதையும் செகாவே புனினிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

அன்பு அப்படி. கருத்தில் அவர் வளைந்துகொடுக்கவில்லை. டால்ஸ்டாயின் தத்துவம் ஆறேழு வருடம் தன்னை ஆட்கொண்டிருந்தது, இப்போது உள்ளே ஏதோ மறுக்கிறது என்று 1894-இல் சுவோரினுக்கு எழுதினார். பிரம்மச்சரியத்திலும் புலால் மறுப்பிலும் இருப்பதைவிட மின்சாரத்திலும் நீராவியிலும் மனிதர்மேல் உள்ள அன்பு அதிகம் என்று தன் அறிவு சொல்வதாகவும் அதில் எழுதினார். பண்ணையடிமையின் பேரன், மருத்துவர். 'க்ராய்ட்சர் சொனாட்டா' குறுநாவலில் டால்ஸ்டாய் பெண்களைப் பற்றியும் நோய்களைப் பற்றியும் சொன்னவற்றில் எவ்வளவு அறியாமை என்று நேரடியாகவே எழுதியவர். ஆகவே பின்னுரையை அவர் படித்திருந்தால் தலையாட்டியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

அப்படியானால் செகாவ் உண்மையிலேயே சபிக்கத்தான் போனாரா? இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. செகாவ் இறந்தபின் வெளியான அவருடைய குறிப்பேட்டில் இந்தக் கதையின் விதை கிடைத்தது. பின்னுரை எழுதும்போது டால்ஸ்டாய் அதைப் பார்த்திருக்க முடியாது. ஒரு நடிகனின் மனைவி, நாடகத்தையும் எழுத்தாளர்களையும் நேசித்தாள், கணவனின் வேலையிலேயே மூழ்கியிருந்தாள், இவனுக்கு இப்படியொரு மனைவியா என்று ஊரே வியந்தது. அவன் இறந்தான். அவள் ஒரு மிட்டாய்க்காரரைக் கட்டிக்கொண்டாள். பழப்பாகு காய்ச்சுவதைப்போலப் பிடித்தது உலகில் வேறில்லை என்று ஆயிற்று. இரண்டாவது கணவனைப் பார்த்துப் பக்தியும் வந்துவிட்டதால் நாடகத்தை இப்போது வெறுத்தாள். குறிப்பு இவ்வளவுதான்.

இது சுத்தமான கேலி. வேறெந்த எழுத்தாளர் கையில் கிடைத்திருந்தாலும் இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும், வாசகர் சிரித்துவிட்டு மறந்திருப்பார். ஆக, டால்ஸ்டாயின் மோப்பம் பொய்க்கவில்லை. புறப்பட்ட இடம் சாபம்தான். ஆனால் குறிப்பில் என்ன இல்லை என்று பாருங்கள். வெறுமையான வருடங்கள் இல்லை. அந்தப் புட்டி இல்லை. நான் எதைப் பற்றிப் பேசுவது என்ற கேள்வி இல்லை. சாஷா இல்லை. குறிப்புக்கும் கதைக்கும் இடையில் இவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன. தெய்வம் வாயைப் பிடித்துத் திருப்பியதால் தானாக வந்தவை என்று இவற்றைச் சொல்ல மாட்டேன். மேசையில் உட்கார்ந்து, கேலியை எடுத்துப் போடாமலே அதன் பக்கத்தில் வேறொன்றை வளர்த்த கைகள் தாம் செய்வதை நன்றாக அறிந்தவை. டால்ஸ்டாய்க்குச் சிரிப்பும் அன்பும் எதிர் எதிர்த் திசைகள், ஒன்று வென்றால் மற்றது தோற்றாக வேண்டும். செகாவுக்கு அவை ஒரே மூச்சில் வருகின்றன.

அந்த மூச்சை ஒரே சொல்லில் காட்டும் இடம் குக்கினின் சாவைச் சொல்லும் தந்தி. இரவில் கதவு தட்டப்படுகிறது, ஓட்டைப் பீப்பாயில் இடிப்பதுபோல. ஒலென்கா தந்தியைப் பிரிக்கிறாள். இவான் பெத்ரோவிச் இன்று திடீர் மரணம், உத்தரவுக்குக் காத்திருக்கிறோம் என்பதோடு பொருளே இல்லாத ஒரு சொல்லும், 'ஹோஹரனி செவ்வாய்' என்ற சொற்களும் இருக்கின்றன. அடக்கச் சடங்குக்கு ரஷ்யச் சொல் 'போஹரனி'. தந்தி அடித்தவரின் கைப்பிழையால் முதல் எழுத்து மாறிவிட்டது. 'ஹோஹோ' என்ற சிரிப்பொலி ரஷ்யர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். சாவுச் செய்திக்குள் சிரிப்பு புகுந்துவிட்டது. படிக்கிறவருக்குச் சிரிப்பு வருகிறது, அடுத்த வரியில் அவள் 'என் அன்பே' என்று கதறுகிறாள். டால்ஸ்டாய் இந்தத் தந்தியை நகைப்புக்குரியவற்றின் பட்டியலில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

அவர் நகர்ந்துபோன இன்னொரு இடம் கதையின் முடிவு. ஒலென்கா தினமும் சாஷாவின் பின்னாலேயே பள்ளிக்கு நடக்கிறாள், கையில் ஒரு மிட்டாயைத் திணிக்கிறாள். உயரமான பருத்த பெண் ஒருத்தி பின்னால் வருவது பையனுக்கு வெட்கம். வீட்டுக்குப் போங்கள் அத்தை, இனி நானே போய்க்கொள்வேன் என்கிறான். அவள் நின்று, பள்ளி வாசலில் அவன் மறையும்வரை கண்கொட்டாமல் பார்க்கிறாள். இரவில் கதவு தட்டப்பட்டால், கார்க்கிவ் நகரத்திலிருந்து தாய் பையனை அழைத்துக்கொள்ளத் தந்தி அடித்துவிட்டாள் என்று உடல் சில்லிட்டுப் போகிறது. வந்தது ஸ்மீர்னின்தான் என்று தெரிந்ததும் நெஞ்சுப் பாரம் இறங்குகிறது. படுத்து சாஷாவை நினைக்கிறாள். பக்கத்து அறையில் அவன் தூக்கத்தில் உளறுகிறான்: உன்னை என்ன செய்கிறேன் பார்! போ வெளியே! அடிக்காதே!

கதையின் கடைசிச் சொற்கள் இவை. அவளுடைய அன்பைப் பற்றிக் கதை முழுக்க அவள் பக்கமிருந்தே பார்த்து வந்தோம். கடைசி வரியில், அந்த அன்புக்கு அடியில் கிடப்பவனின் குரல் ஒரே ஒரு தடவை கேட்கிறது. பள்ளிச் சண்டையைப் பற்றிய கனவாகவும் இருக்கலாம். இருந்தாலும் அந்த இடத்தில் செகாவ் வேறெதையும் வைக்கவில்லை. முந்தைய ஆண்களுக்கு வேலையும் பேச்சும் இருந்தன, அவள் அவற்றை எதிரொலித்தாள். சிறுவனுக்கு இன்னும் ஒன்றும் இல்லை. தீவு என்பது நிலப்பகுதி என்று அவன் படிக்கும் பாடத்தையே அவள் திருப்பிச் சொல்லிவிடுகிறாள். ஆசீர்வாதம்தான், ஆனால் அதைத் தாங்குகிறவனுக்கு மூச்சு முட்டுகிறது. இதைப் பார்க்காமல் துஷேச்காவைப் புனிதவதியாக்க முடியும், சில வரிகளை வெட்டினால் இன்னும் எளிதாக முடியும். தன் தொகுப்பில் சேர்க்கும்போது டால்ஸ்டாய் சில வரிகளை வெட்டவும் செய்தார்.

எதிர்ப்பக்கம் போனவர்களும் உண்டு. கார்க்கி தன் செகாவ் நினைவுகளில் துஷேச்காவைச் சாம்பல் நிறச் சுண்டெலி என்கிறார். அடிமைபோல நேசிக்கத் தெரிந்த சாதுப் பெண், கன்னத்தில் அறைந்தாலும் வாய்விட்டு முனகத் துணியாதவள். டால்ஸ்டாய் புனிதத்தைப் பார்த்த இடத்தில் அவர் அடிமைத்தனத்தைப் பார்த்தார். இருவருமே நாவலாசிரியர்கள், இருவருமே செகாவை நேசித்தவர்கள். என் மனத்துக்கு இவர்களைவிட நெருக்கமான வாசகர் தத்யானா. அப்பாவின் பாராட்டைச் சொன்ன அதே கடிதத்தில் அவர் தன்னைப் பற்றியும் எழுதுகிறார்: துஷேச்காவில் என்னையே அடையாளம் காண்கிறேன், வெட்கமாகக்கூட இருக்கிறது, ஆனாலும் உங்கள் 'அரியாத்னா' கதையில் என்னைக் கண்டபோது பட்ட அளவுக்கு வெட்கம் இல்லை. அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது, உலகமே கொண்டாடும் தந்தைக்காக உழைத்துக்கொண்டிருந்த மகள். அப்பா உரக்கப் படித்த நான்கு மாலையும் தன்னைத்தான் படிக்கிறார் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. ஒருவேளை அப்பாவுக்குப் படவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், அந்தப் பாராட்டின் எதிரில் செகாவ் உட்கார்ந்திருந்த ஒரு காட்சி நமக்கு மிஞ்சியிருக்கிறது. எழுதி வைத்தவர் அதே கார்க்கி. எந்தக் கதை என்பதில் அவருக்கே சிறு தயக்கம், துஷேச்கா என்றுதான் ஞாபகம் என்கிறார். டால்ஸ்டாய் உணர்ச்சிவசப்பட்டு, கண்ணில் நீர் கோக்கப் பேசிக்கொண்டிருந்தார். இது கற்புள்ள ஒரு கன்னிப்பெண் பின்னிய சரிகைபோல. அந்தக் காலத்தில் அப்படிப் பின்னுகிற பெண்கள் இருந்தார்கள், கல்யாணம் ஆகாமலே கிழவியானவர்கள். வாழ்க்கை முழுவதையும், சுகத்தைப் பற்றிய எல்லாக் கனவையும் அந்தப் பின்னலுக்குள் வைத்தார்கள். மனத்துக்குப் பிடித்ததைப் பின்னலாகவே கனவு கண்டார்கள்.

செகாவுக்கு அன்று காய்ச்சல். கன்னத்தில் சிவப்புத் திட்டுக்கள். தலையைக் குனிந்துகொண்டு மூக்குக்கண்ணாடியைக் கவனமாகத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பெருமூச்சு விட்டு, கூச்சத்தோடு, மெதுவாகச் சொன்னார்:

"அதில் அச்சுப்பிழைகள் இருக்கின்றன."